யாராலும் ஊகிக்க முடியாத எண்

ஏழிலைப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, பஞ்சர் கடைக்கு மேல் மாடியில், நாங்கள் நாலு பேர் வேலை பார்க்கிறோம். எங்களைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் "அந்த நாலு பேரா?" என்று சிரிப்பார்கள். பேரைச் சொன்னதும் ஊரே சிரிக்கிற மாதிரி நல்ல பெயர் எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

முதலாளி பெயர் தணிகாசலம். கணினியில் நிரல் எழுதுவது அன்புக்கொடி. பிச்சையா எல்லா வேலைக்கும் உதவி செய்வார். அதனால் எந்த வேலையும் சீக்கிரம் முடியாது. நான் பரிசோதகன். மற்ற மூவரும் செய்ததில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இன்றுவரை ஒரு தப்பைக்கூட நான் கண்டுபிடித்ததில்லை. எங்கள் வேலை அவ்வளவு சுத்தம்.

நாங்கள் செய்வது சாவி. இரும்புச் சாவி அல்ல, எண் சாவி. கதவில் பொத்தான்கள் இருக்கும். நாலு இலக்க எண் ஒன்றை அழுத்தினால் கதவு திறக்கும். அந்த எண்ணை உண்டாக்குவதுதான் எங்கள் நிரலின் வேலை. லாட்ஜ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இதைத்தான் விற்கிறோம்.

இந்த நிரலை முதலில் எழுதியவர் அருளப்பன் என்கிற பொறியாளர். அவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். கணினிக்குச் சொந்தமாக ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளத் தெரியாதாம். சொன்னதை மட்டும்தான் செய்யுமாம். இதைக் கேட்டதும் எங்களுக்குக் கணினிமேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

ஆகவே அருளப்பன் சன்னல் ஓரத்தில் ஒரு மைக்கை வைத்தார். அது பேருந்து நிலையத்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஹாரன் சத்தம், நடத்துனர் கூப்பாடு, முறுக்கு விற்பவர் குரல், யாரோ யாரையோ திட்டுவது எல்லாம் அதற்குள் போகும். நிரல் அந்தச் சத்தத்தை மாவு மாதிரி கலக்கி அதிலிருந்து ஓர் எண்ணை எடுக்கும். ஒரு நொடி கேட்ட சத்தம் அடுத்த நொடி கேட்காது. அதனால் ஒரு கதவின் எண் இன்னொரு கதவுக்கு வராது. யாராலும் ஊகிக்கவும் முடியாது.

அருளப்பன் வெளிநாடு போகும்போது எங்களிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"சன்னல்ல இருக்கிற மைக்கை மட்டும் நல்லாப் பாத்துக்குங்க."

அன்று முதல் பிச்சையா அதற்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதை நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சாப்பிடப் போகும்போது நான் பார்ப்பேன்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளியின் மகள் தமயந்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா சிவசைலம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒருநாள் அவர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார்.

"என்ன சம்பந்தி, நீங்க பேசுறது ஒண்ணுமே கேக்கலை. ஆபீஸா, சந்தையா? ஆபீஸ்னா அமைதியா இருக்கணும். நாளைக்கு நான் வர்றேன், பாக்குறேன்."

முதலாளி ஃபோனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சம்பந்தி வர்றார். இனிமே நம்ம ஆபீஸ்ல சத்தம்ங்கிற பேச்சே இருக்கக் கூடாது. எங்கே இருந்தாலும் தேடி எடுத்துடுங்க."

தேடினோம். சுவர்க் கடிகாரம் டிக்டிக் என்றது. கழற்றிப் பீரோவில் வைத்தோம். மின்விசிறி முனகியது, நிறுத்தினோம். பிச்சையாவின் செருப்பு கிரீச்சிட்டது. கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னோம்.

"எல்லா இடத்திலும் எடுத்தாச்சா?" என்றார் முதலாளி.

அன்புக்கொடி மிகவும் நேர்மையானவள். "இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கு முதலாளி. நிரலுக்குள்ள ஒரு வரியில சத்தம் இருக்கு" என்றாள்.

"என்ன வரி?"

"'சத்தத்தைக் கேட்டு எண்ணில் கலக்கு'ன்னு அருளப்பன் சார் எழுதி வச்சிருக்கார்."

"ஆளு இல்லாட்டியும் சத்தம் போட்டுக்கிட்டே இருக்காரே! எடுத்துடும்மா."

அவள் அந்த வரியை அழித்தாள். எங்களுக்கே ஆச்சரியம், நிரல் முன்பைவிட வேகமாக ஓடியது. முன்பெல்லாம் எண் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும். இப்போது பொத்தானைத் தொட்டதும் எண் வந்து நின்றது. இவ்வளவு காலமாக அந்த ஒரு வரிதான் வழியை அடைத்துக்கொண்டிருந்தது என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் சிவசைலம் வந்தார். சன்னல் வழியே எப்போதும் வருகிற சத்தம் எப்போதும்போல வந்தது. மூன்று பேருந்துகள் ஒன்றாக ஹாரன் அடித்தன. அவர் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. பாராட்டியிருப்பார்.

கல்யாணத்தை லோகநாயகி அம்மாளின் மண்டபத்தில் வைத்திருந்தார்கள். அந்த மண்டபத்தின் எல்லா அறைகளுக்கும் எங்கள் பூட்டுதான். சொந்தக் கல்யாணம் என்பதால் எல்லா எண்களையும் புதிதாக மாற்றச் சொன்னார் முதலாளி. "நல்லாப் பரிசோதனை பண்ணிக் குடுங்க. யாராலும் ஊகிக்க முடியக் கூடாது" என்று என்னிடம் தனியாகவும் சொன்னார்.

அன்புக்கொடி முதல் அறைக்கு எண் எடுத்தாள்.

"பிச்சையாண்ணே, என்ன எண்ணு வந்திருக்கும்? ஊகிச்சுச் சொல்லுங்க."

"நாலு ஏழு ரெண்டு ரெண்டு?"

"இல்லை. மூணு எட்டு ஒண்ணு அஞ்சு."

"ஊகிக்க முடியவில்லை. தேர்ச்சி" என்றேன் நான்.

இரண்டாவது அறை.

"ஒம்போது ஒண்ணு ஆறு பூஜ்யம்?"

"இல்லண்ணே. மூணு எட்டு ஒண்ணு அஞ்சு."

"தேர்ச்சி."

மூன்றாவது அறைக்குப் பிச்சையா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். நெற்றியைத் தடவினார்.

"மூணு எட்டு ஒண்ணு அஞ்சு?"

அன்புக்கொடி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "அண்ணே! எப்படிண்ணே?"

"தெரியலம்மா. என்னமோ மனசுல தோணிச்சு."

நான்காவது அறைக்கும் சரியாகச் சொன்னார். ஐந்தாவதற்கும் சொன்னார். எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலம் ஒரு மகானைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவிட்டிருக்கிறோம்.

முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் ஆழமாக யோசித்தார்.

"இந்த மாதிரி சக்தி இருக்கிற ஆளை வச்சுப் பரிசோதனை பண்ணக் கூடாது. சாதாரண மனுஷனால ஊகிக்க முடியுதான்னுதானே பாக்கணும்? பிச்சையாவை மாடிப்படியில உக்கார வை. நீ ஊகி."

நான் ஊகித்தேன். ஏற்கெனவே வந்த எண்ணையே மறுபடி சொல்வது சோம்பேறித்தனம் என்பதால் ஒவ்வொரு தடவையும் புதுப்புது எண்ணாகச் சொன்னேன். ஒன்றுகூடச் சரியாக இல்லை. எல்லா அறைகளும் தேர்ச்சி பெற்றன. எண்களைத் தனித்தனி உறைகளில் போட்டு, ஒவ்வொரு உறைமேலும் 'ரகசியம்' என்று எழுதி ஒட்டினோம்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். உறைகளைக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் மண்டபம் அமைதியாக இருந்தது. பிறகு மாடியில் ஓர் அலறல் கேட்டது.

மாப்பிள்ளையின் பெரியம்மா குளிக்கலாம் என்று கதவைத் திறந்தால், உள்ளே சமையல்காரர் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். பெண்வீட்டுச் சித்தப்பா ஒரு கட்டிலில் படுத்துத் தூங்க, அதே கட்டிலில் மறுபக்கம் மாப்பிள்ளைவீட்டுத் தாய்மாமன் தூங்குகிறார். நாகஸ்வரக்காரர் மணப்பெண்ணின் அறையில் அதிரசம் தின்றுகொண்டிருக்கிறார்.

"ரெண்டு குடும்பமும் எப்படி ஒண்ணு கலந்துட்டாங்க பாத்தியா!" என்று முதலாளி கண் கலங்கினார்.

லோகநாயகி அம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஏங்க தணிகாசலம், என் மண்டபத்துல எல்லாக் கதவும் எல்லாருக்கும் திறக்குதே! இதுக்குக் கதவே இல்லாம கட்டியிருப்பேனே!"

சிவசைலம் எல்லாரையும் கூடத்தில் கூட்டி உறைகளைப் பிரிக்கச் சொன்னார். அவரவர் தங்கள் எண்ணைச் சொன்னார்கள். ரகசியத்தை இப்படிச் சபையில் சொல்லலாமா என்று பிச்சையா கோபித்துக்கொண்டார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"தாலி எங்கே இருக்கு?" என்று கேட்டார் சிவசைலம்.

"மாடியில கடைசி ரூம்ல, சம்பந்தி" என்றார் முதலாளி.

"அந்த ரூமுக்கு என்ன எண்?"

பிச்சையா மெதுவாகக் கண்ணை மூடி, "எனக்கு மனசுல ஒண்ணு தோணுது..." என்றார்.

"வாயை மூடுய்யா!" சிவசைலம் முதலாளி பக்கம் திரும்பினார். "தணிகாசலம், நல்லாக் கேட்டுக்குங்க. தாலி எங்க அம்மா போட்டிருந்த தங்கத்தை உருக்கிச் செஞ்சது. அந்த ரூமுக்கு இப்பவே புது எண் மாத்துங்க. அது உங்க நாலு பேருக்கும்கூடத் தெரியக் கூடாது. காலையில முகூர்த்தத்துக்குத் தாலி மணமேடைக்கு வரலேன்னா, என் பையனைக் கூட்டிக்கிட்டு நான் பஸ் ஏறிடுவேன்."

தமயந்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் மருதாணி காயவில்லை. "அப்பா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளி எங்களைத் தனியே அழைத்துப் போனார். ஆலோசனை நடந்தது.

"சத்தம் இல்லாததுனாலதான் எண் மாறலை" என்றாள் அன்புக்கொடி. அவள் படித்தவள்.

"அப்ப ஆபீஸுக்குப் போய் மைக்கை மறுபடி வேலை செய்ய வைக்கலாமா?" என்றேன்.

"ஆபீஸ்ல சத்தம் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்கார்ல?" என்றார் பிச்சையா.

"ஆமா, நான் சொல்லியிருக்கேன்" என்றார் முதலாளி. "சொன்ன வாக்கை மாத்தறது நல்லா இருக்காது."

"இங்கே சத்தம் கூடாதுன்னு யாரும் சொல்லலையே! மைக்கை இங்கே எடுத்துட்டு வந்துடலாம்" என்றாள் அன்புக்கொடி.

அவளுடைய கூர்மையை எல்லாரும் மெச்சினோம். கணினியையும் மைக்கையும் ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம். மாடி நடைவழியில் மேசை போட்டு வைத்தோம். ஒரு பொருளையும் விட்டுவிடவில்லை. அழித்த வரியைப் பற்றி மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை. அது ஆட்டோவில் ஏற்றுகிற பொருள் இல்லையே.

புது எண் எங்களுக்கும் தெரியக் கூடாது என்பதால் கணினித் திரைமேல் ஒரு துண்டைப் போர்த்தினோம். நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். அன்புக்கொடி கண்ணை மூடியபடியே பொத்தானைத் தேடினாள். சரியாக அந்த நேரத்தில் கீழே சமையல்கட்டில் ஓர் அண்டா உருண்டது. ஒரு குழந்தை வீறிட்டது. மாடிக்கு வந்த சிவசைலம் மைக் வயரில் கால் தடுக்கி, "அட முட்டாள்களா!" என்று கத்தினார். அதே நொடியில் அன்புக்கொடி பொத்தானை அழுத்தினாள். எண் கம்பி வழியே பூட்டுக்குள் போய்விட்டது. கதவு 'டிக்' என்றது.

"அருமையான சத்தம் சம்பந்தி!" என்றார் முதலாளி.

காலையில் மணமேடை நிறைந்திருந்தது. நாகஸ்வரக்காரர் தனியாக ஊதிக்கொண்டிருந்தார். தவில்காரர் மாசிலாமணியைக் காணவில்லை. புரோகிதர் கையை நீட்டி, "தாலியைக் கொண்டு வாங்கோ" என்றார்.

சிவசைலம் மாடிக்கு ஏறி வந்தார். "எண் என்ன?"

"தெரியாது" என்றோம் பெருமையாக.

"என்னது?"

"எங்களுக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க. சத்தியமாத் தெரியாது. துண்டைக்கூட இன்னும் எடுக்கலை. கரண்டு போய் வந்ததுல திரையும் அணைஞ்சு போச்சு."

அவர் கதவை உடைக்கச் சொன்னார். லோகநாயகி அம்மாள் இரண்டு கையையும் விரித்துக் கதவை மறைத்து நின்றார். "தேக்குக் கதவு! முதல்ல என்னை உடைங்க!"

மணக்கோலத்திலேயே மாடிக்கு வந்துவிட்ட தமயந்தி, "பழைய எண்ணைத்தான் ஒருதரம் அழுத்திப் பாருங்களேன்" என்றாள்.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புது எண் போட்ட கதவில் பழைய எண்ணை அழுத்துவதாவது! பாவம், கல்யாணப் பதற்றம். விவரம் தெரியாத பிள்ளை என்று தலையைத் தடவி உட்கார வைத்தோம்.

வழி கண்டுபிடித்தது நான்தான். "எண் சத்தத்திலிருந்துதான் பிறந்தது. நேற்று கேட்ட அதே சத்தத்தை இப்போ உண்டாக்கினா அதே எண் மறுபடி பிறக்கும்!" என்றேன். முதலாளி என்னைக் கட்டிக்கொண்டார்.

முதலில் அண்டா. சமையல்காரர் ஒரு காலி அண்டாவை உருட்டினார். பிச்சையா காதைச் சாய்த்துக் கேட்டு, "இது இல்லை. நேத்து அதுல ரசம் இருந்துச்சு" என்றார். அண்டாவில் ரசத்தை ஊற்றிப் படிக்கட்டில் உருட்டினோம். சத்தம் பொருந்தியது. பந்திக்கு ரசம் இல்லாமல் போயிற்று.

அடுத்து குழந்தை. நேற்று அழுத அதே குழந்தை இன்று தன் அம்மா மடியில் பலூனோடு சிரித்துக்கொண்டிருந்தது. பிச்சையா பலூனைப் பிடுங்கினார். குழந்தை இன்னும் சத்தமாகச் சிரித்து அவர் மூக்கைக் கடித்தது. பிச்சையா வீறிட்டார்.

"சுருதி சரியா இருக்கு. ஆளுதான் வேற" என்றாள் அன்புக்கொடி. "பரவாயில்லை, மைக்குக்குக் கண்ணு கிடையாது."

பாக்கி சிவசைலம்.

"நான் கத்த மாட்டேன்" என்றார். "நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவன். ஒரு பையனைக்கூட அந்த வார்த்தை சொல்லித் திட்டினதில்லை."

"அவங்கள்லாம் எங்க அளவுக்கு இருந்திருக்க மாட்டாங்க சார்" என்றேன் பணிவாக.

கீழே புரோகிதர் மறுபடி குரல் கொடுத்தார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. தமயந்தி எழுந்து சிவசைலத்தின் முன்னால் வந்து கை கூப்பினாள்.

"மாமா, எனக்காக ஒரே ஒருதடவை இவங்களைத் திட்டிடுங்க மாமா."

அவர் தொண்டையைச் செருமி, "அட முட்டாள்களா" என்றார்.

"பாடம் நடத்துற மாதிரி இருக்கு. கோபம் வேணும் சம்பந்தி" என்றார் முதலாளி.

"அட முட்டாள்களா!"

"நேத்து 'ட'வுல இன்னும் கொஞ்சம் அழுத்தம் இருந்துச்சு" என்றார் பிச்சையா, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

சிவசைலம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ரசம் வழிந்த படிக்கட்டைப் பார்த்தார். துண்டு போர்த்திய கணினியைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"அட முட்டாள்களா!!!"

மண்டபமே அதிர்ந்தது. நாகஸ்வரம் நின்றது. அந்த நொடியில், எதிரே, கடைசி அறையின் கதவு தானாகத் திறந்தது.

உள்ளேயிருந்து தவில்காரர் மாசிலாமணி வெளியே வந்தார். பல காலம் தவில் பக்கத்திலேயே இருந்ததில் அவருக்குக் காது மந்தம். அத்தனை கலவரத்தில் ஒன்றும் அவருக்குக் கேட்டிருக்கவில்லை. கையில் தாலிப் பெட்டி.

"ஏங்க, என் ரூம்ல யாரோ தாலியை வச்சுட்டுப் போயிட்டாங்க. பொறுப்பில்லாத ஜனங்க! நான் தலையணைக்கு அடியில வச்சுப் பாத்துக்கிட்டேன். தவில் வாசிக்க மாட்டிக்கிற என் விரல் கூட்டைத்தான் காணோம்."

அது அவருடைய அறை இல்லை. அவர் அறை கீழ்த்தளத்தில் கடைசி அறை.

"நீங்க எப்படிய்யா உள்ளே போனீங்க?" என்று சிவசைலம் அவர் காதருகே குனிந்து கேட்டார்.

"எப்படின்னா? என் கவர்ல இருந்த எண்ணைத்தான் அழுத்தினேன். மூணு எட்டு ஒண்ணு அஞ்சு."

சிவசைலம் சுவரில் சாய்ந்தார். தமயந்தி பெட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறியது. தவில் இல்லாமல்தான் கெட்டிமேளம் ஒலித்தது. விரல் கூடு கிடைக்கவில்லை. ரசம் இல்லாமல் பந்தி நடந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து நடந்ததை ஆராய்ந்தோம். தவில்காரர் ஏதோ எண் சொன்னார், உண்மைதான். ஆனால் அவருக்குக் காது கேட்காது. காது கேட்காதவர் சொல்வதை எப்படி நம்புவது? நாங்கள் கண்ணால் பார்த்தது வேறு. சம்பந்தி திட்டினார், கதவு திறந்தது.

அதன்பிறகு எங்கள் பூட்டு எங்கே மாட்டினாலும் சிவசைலத்தை அழைத்துப் போய்க் கதவுக்கு எதிரே நிறுத்துவோம். "திட்டுங்க சார்" என்று கேட்கக்கூட வேண்டியதில்லை. நாங்கள் நாலு பேரும் வரிசையாக அவர் முன்னால் போய் நின்றாலே போதும். அந்த வார்த்தை தானாக வந்துவிடும். அதற்குப் பின் வழக்கமான எண்ணையும் ஒரு மரியாதைக்காக அழுத்திக்கொள்வோம். இதுவரை ஒரு கதவுகூடத் திறக்காமல் போனதில்லை.

போன வாரம்தான் சின்னச் சங்கடம். லோகநாயகி அம்மாளின் மண்டபத்தில் இன்னொரு கல்யாணம். சிவசைலத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. எங்களைப் பார்த்து வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. நல்ல மழை. மாப்பிள்ளைவீட்டார், பெண்வீட்டார், நாங்கள், எல்லாரும் வெளி அறைகளின் கதவுகளுக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றோம். அன்புக்கொடி அவருக்கு வெந்நீரும் மிளகும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு கதவு திறந்து, மாசிலாமணி தலையை நீட்டினார். தலை காய்ந்திருந்தது. கையில் காபி.

"ஏங்க, எல்லாரும் ஏன் மழையில நிக்கிறீங்க? எண்ணை அழுத்திட்டு உள்ளே வாங்களேன்!" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

முதலாளி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்! சத்தம் போடாதீங்க ஐயா. எண் மாறிடும்!"